ஏற்காட்டுக் காப்பித் தடமா, டேனிஷ்பேட்டை வண்டித்தடமா?

சேலத்தில் மலைச் சைக்கிள் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் போவது ஏற்காடு மலைப்பாதைக்குத்தான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், முழுக்கத் தார். கால் வலுவைப் பார்க்க நல்ல இடம். ஆனால் அகல டயரும் முன் ஷாக்கும் அங்கே வெறும் சுமை. மண் தடம் வேண்டுமென்றால் அந்தச் சாலையை விட்டு விலகியாக வேண்டும்.

ஏழெட்டுப் பேரை ஒரு நாள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர ஒரு தடம் தேடினால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இரண்டு இடங்கள் தேறும். மேலே நாகலூர், கொட்டச்சேடு பக்கம் காப்பித் தோட்டங்களும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களும். கீழே டேனிஷ்பேட்டை, கணவாய்ப்புதூர் பக்கம் மலையை ஒட்டிய காடு கழனி. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏறும் சாலையையும் சிலர் சொல்வார்கள். வளைவு குறைவு, நெரிசலும் குறைவு. ஆனால் அதுவும் தார்தான், அதனால் இந்தக் கணக்கில் அது வராது.

முதல் முறை குழுவாகப் போகிறவர்களுக்கு நான் டேனிஷ்பேட்டையைத்தான் சொல்வேன். அழகு என்று பார்த்தால் மேலேதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏற்காட்டைச் சுற்றி வரும் சுமார் 32 கிலோமீட்டர் சாலைதான் மேல் தடத்துக்கு முதுகெலும்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் மண் வழிகள் பிரியும். 1820களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்று சில்வர் ஓக் நிழலில் சரிவு சரிவாக நிற்கிறது. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. உச்சி வெயிலிலும் நிழல் விடாது. இலைச் சருகு மூடிய செம்மண், குறுக்கே வேர், குட்டையான செங்குத்து ஏற்றங்கள் என்று ஓட்டத் தெரிந்தவருக்கு அது பெரிய சந்தோஷம்.

அதே நிழல்தான் தடம் பார்க்கிறவருக்குத் தொல்லை. செயற்கைக்கோள் படத்தில் மரத்தின் தலை மட்டும்தான் தெரியும். அடியில் வழி இருக்கிறதா, பாதியில் நின்றுபோகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப் பார்த்து வந்தாலும் வேலை முடியாது, ஏனென்றால் பாதிக்கு மேல் எஸ்டேட்டின் சொந்த வழி. ஆகஸ்டில் திறந்து கிடந்த கேட் டிசம்பரில் பூட்டியிருக்கும். பழம் பறிக்கும் பருவம் அது. களத்தில் காப்பி காயும், தடம் முழுக்க ஆட்கள், டிராக்டர். தோளில் பையோடு முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக வந்தால் காவல்காரர் நிறுத்தத்தான் செய்வார். அவர் வேலையே அதுதான். மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டு நாள் குறித்துக்கொள்வதுதான் முறை.

தோட்டம் முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலி வாங்கிய பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் காட்டெருமை. விடிகாலையும் அந்தியும் அது காப்பிக்குள் நிற்கும். இறக்கத்தில் வேகமாக வருகிற சைக்கிளுக்கும் அதற்கும் நடுவே ஒரு திருப்பம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழே கதை வேறு. சேர்வராயனில் பிறந்து ஓமலூர் பக்கம் ஓடும் சரபங்காவின் கரையோர ஊர்களில் மரவள்ளி, நிலக்கடலை, மாந்தோப்பு, தென்னை என்று வயலுக்கு வயல் பயிர் மாறும். நடுவே வண்டித்தடங்கள். இவற்றில் எது பொதுவழி, எது ஒருவரின் பட்டா நிலத்தில் போகிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வருவாய்த்துறையின் இணைய சேவையில் புல எண் கொடுத்தால் நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேடும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படமும் கிடைக்கும். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் யாரும் தடுக்க வேண்டியதில்லை. பட்டா நிலமென்றால் வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு வேலையைச் செய்யாமல்தான் பல தடங்கள் வீணாகின்றன.

நேரில் பார்க்கும்போது இன்னொரு அடையாளம் உண்டு. டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் டயர் பதிந்திருந்தால் அந்தத் தடம் எங்கோ போய்ச் சேரும். தீவனக் கட்டு ஏற்றிய எக்ஸெல் போகிற இடத்தில் மலைச் சைக்கிள் தாராளமாகப் போகும். வயலில் இருப்பவரிடம், “ஏனுங்கண்ணா, இந்தத் தடம் அந்தப்பக்கம் சேருதுங்களா?” என்று கேட்டால், “ஓடை வரைக்கும் போலாம் தம்பி, அதுக்கு மேல வரப்புதான்” என்று எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும். வரப்பில் மட்டும் சைக்கிளை ஏற்றாதீர்கள். ஒரு டயர் உடைக்கிற வரப்பைக் கட்ட ஒருவர் மண்வெட்டியோடு அரை நாள் நிற்க வேண்டும்.

கீழே உள்ள கஷ்டங்களும் சின்னவை அல்ல. சீமைக்கருவேல முள் ட்யூபை விடாது. டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றாமல் போகவே கூடாது. மழைக்குப் பிறகு மரவள்ளி ஏற்றிய டிராக்டர் போன தடம் குழியாக இறுகிக் கிடக்கும். காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்குப் பயந்து திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறவர்கள் உண்டு, அதனால் இருட்டில் தடத்தை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது.

ஆனாலும் கீழ்த்தடத்தை நான் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிய காரணம் வெளியேறும் வழி. செயின் அறுந்தாலும், ஒருவர் விழுந்து கை பிசகினாலும், மேற்கே திரும்பினால் ரயில் பாதை, அதையும் தாண்டினால் தீவட்டிப்பட்டி வழியாகப் போகும் சேலம்–தருமபுரி நெடுஞ்சாலை. மேலே அதே விபத்து ஒரு பள்ளத்தில் நடந்தால், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதைப் போக்குவரத்தே நின்றதையும் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டையும் ஓட்டத் துணிந்தவர்களுக்குப் பருவம் ஒத்துழைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேலே பறிப்பு நடக்கும்போது, கீழே காற்று இதமாக இருக்கும். மார்ச் பிறந்து கீழே வெயில் ஏறும்போது மேலே பறிப்பு முடிந்து களம் காலியாகிவிடும். கோடை மழை ஒன்று விழுந்தால் காப்பி பூக்கும். அப்போது எஸ்டேட்டில் அனுமதி வாங்கி, நன்றாக ஓட்டுகிற மூன்று நான்கு பேர் மட்டும் மேலே போகலாம். மே மாதம் வேண்டாம்: கோடை விழாக் கூட்டம் ஒரு பக்கம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் மலைக்கிராமத்து மக்கள் ஒரு பக்கம் என்று சாலையே நிறைந்திருக்கும்.