கரிசல் பருத்திக்கு எது: குப்பையா, கிடையா, யூரியாவா?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் புரட்டாசியில் ஊன்றும் மானாவாரிப் பருத்திக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும் 16 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இந்தத் தழைச்சத்தை எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வாதம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்பு குப்பையோ (தொழு உரம்) கிடையோ (ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்து எருவிடுவது) நிலத்தில் சேர்ந்திருக்க வேண்டும். யூரியா மழையைக் கண்ணால் பார்த்த பிறகு, அதுவும் பாதி அளவுதான்.

விலையை மட்டும் பார்த்தால் யூரியாவோடு எதுவும் போட்டியிட முடியாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. தொழு உரத்தில் அரை சதவீதம்தான். டன் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கிலோ தழைச்சத்து 200 ரூபாய் ஆகிறது. போதாக்குறைக்கு, 5 டன் குப்பையில் இருக்கும் 25 கிலோவும் அந்த வருஷமே செடிக்குக் கிடைப்பதில்லை. முதல் பருவத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 முதல் 8 கிலோ மட்டுமே கரைந்து வரும்.

பிறகு ஏன் குப்பை? கரிசலில் பருத்தியின் தலையெழுத்தை எழுதுவது ஈரம். மார்கழியோடு மழை விடைபெற்றுவிடும்; தை, மாசியில் காய் பிடித்து முற்றுவது மண்ணில் சேர்ந்து கிடக்கும் ஈரத்தை நம்பித்தான். குப்பை ஏறிய மண் பொலபொலவென்று இருக்கும், பெய்த மழையை ஓடவிடாமல் உள்ளே வாங்கும். இந்த வேலையை எத்தனை மூட்டை யூரியாவும் செய்யாது. குப்பையை வெறும் தழைச்சத்துக் கணக்கில் எடைபோடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் குப்பை அடிக்கும் முறையில் பெரிய நஷ்டம் நடக்கிறது. சித்திரையில் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவியல் குவியலாகத் தட்டிவிட்டு, ஆவணி வரை வெயிலில் காயவிடுகிறோம். அந்தப் புஞ்சையைக் கார்த்திகையில் போய்ப் பாருங்கள். குவியல் இருந்த இடத்தில் மட்டும் செடி கருகருவென்று இடுப்பளவு நிற்கும்; நாலடி தள்ளினால் வெளிறிப்போய் முழங்காலைத் தாண்டியிருக்காது. சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விட்டது, கோடை மழையில் கரைந்த பகுதி குவியலுக்கு அடியிலேயே இறங்கிவிட்டது. தட்டிய அன்றே இறைத்து உழ முடியாதவர்கள், குப்பையை வீட்டுக் குழியிலேயே மண் போட்டு மூடி வைத்திருந்து, உழவுக்கு முந்தின நாள் ஏற்றினால் போதும்.

இந்த இடத்தில்தான் ஆட்டுக்கிடை குப்பையை மிஞ்சுகிறது. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். அதைவிட முக்கியம், மூத்திரம். கொட்டத்தில் கட்டிய மாட்டின் மூத்திரம் பெரும்பாலும் வீணாகிறது. கிடையில் அது நேராக மண்ணுக்கே வந்துவிடுகிறது. வண்டிக்கூலி இல்லை, இறைக்கும் ஆள் கூலியும் இல்லை. தினமும் பட்டியை நகர்த்துவதால் நிலம் முழுக்கச் சீராகவும் விழும். கிடை எழுந்ததும் ஓர் உழவு போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மூத்திரச் சத்து ஆவியாகிவிடும். கோடை மழை தவறி மண் இறுகிக் கிடந்தால் மேலாகக் கீறியாவது விடுங்கள்.

ஆட்டுக்கிடையிலும் ஒரு வினை உண்டு. கோடையில் ஆடுகள் தின்பது பெரும்பாலும் சீமைக்கருவேல நெற்று. அதன் விதை புழுக்கையோடு முழுசாக வெளியே வந்து, முதல் மழையிலேயே முளைத்து நிற்கும். பிஞ்சிலேயே பிடுங்கினால் கையோடு வரும், அடுத்த வருஷம் கடப்பாரை தேவைப்படும். கிடை போட்ட புஞ்சையில் முதல் களையெடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு சிக்கல், ஆட்டு மந்தையோடு வரும் கீதாரிகள் முன்போல எல்லாத் திசைக்கும் வருவதில்லை. மாசியிலேயே பேசிவைத்தால்தான் ஆடு கிடைக்கும்.

இனி யூரியா. நம் கரிசல் காரத்தன்மை கொண்டது, பல இடங்களில் கார அமில நிலை 8-ஐத் தாண்டும். மண்ணின் மேலேயே மூடாமல் கிடக்கும் யூரியா சில நாட்களிலேயே அமோனியாவாகப் பறக்கத் தொடங்கும். யூரியாவின் மேலுள்ள வேப்பெண்ணெய் பூச்சு, அது மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்துகிறது. மேலே கிடந்து பறப்பதற்கு அது மருந்தில்லை. அடைமழையில் தண்ணீர் கட்டினால் நைட்ரேட்டும் வாயுவாகி வெளியேறும். ஆக, விதைக்கும்போதே மொத்தத்தையும் போடுவது சூதாட்டம்.

அதைவிடக் கவலை தருவது, யூரியா நன்றாக வேலை செய்யும் வருஷம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. முழு மூட்டை போட்டாகிவிட்டது. செடி மதமதவென்று இலை விடுகிறது. பார்க்க அழகு. அந்த இலையெல்லாம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சித் தீர்த்துவிடும், தையில் காய் திரள ஈரம் இருக்காது. இளந்தழையைத் தேடித் தத்துப்பூச்சியும் அசுவினியும் வேறு வரும். நஞ்சைக்காரர் பழக்கத்தைப் பார்த்து மானாவாரியில் யூரியாவை அள்ளிக் கொட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

குப்பையோ கிடையோ சேர்ந்த நிலத்துக்கு ஏக்கருக்கு 17 கிலோ யூரியா போதும். அது 8 கிலோ தழைச்சத்து. விதைத்த 40, 45 நாளில் சப்பை (பூமொட்டு) கட்டும்போதுதான் பருத்தியின் பசி தொடங்குகிறது. மழை பெய்து, கால் புதையாத பதம் வந்ததும், செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கீறி, இட்டு, மூட வேண்டும். இயற்கை உரம் எதுவும் சேராத நிலமென்றால், 16 கிலோ தழைச்சத்துக்கான 35 கிலோ யூரியாவையும் இரண்டாகப் பிரித்து இடலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வேப்பம் பிண்ணாக்கில் 5 சதவீதம் தழைச்சத்து. நல்ல சரக்கு, சிறு விவசாயிக்கு விலை கட்டாது. கரம்பை (குளத்து வண்டல்) செவல் மண்ணுக்கு வரம். ஏற்கெனவே களியான கரிசலுக்கு அவ்வளவு இல்லை. ஊடுபயிர் உளுந்து கைச்செலவுக்குப் பணம் தரும், அடுத்த பயிருக்குச் சத்தும் விடும். இந்த வருஷப் பருத்தியின் தழைச்சத்துக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஜீவாமிர்தம் 200 லிட்டரில் சேர்ப்பது 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. அத்தனையும் கூட்டினாலும் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. அதை மட்டுமே உரமாக நம்பி விதைக்கச் சொல்வது சரியல்ல.

கார்த்திகை மழை பொய்த்துவிட்டால் யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். சப்பை உதிராமல் காக்க, 4 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தை முந்தின நாள் மாலையே ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். மூட்டை அடுத்த மழைக்கு உதவும்.