ஆட்டோமேட்டிக் கியரைக் கழற்றிவிட்டு மேனுவலுக்கு மாற்றிய பழைய கார்: மூன்றரை ஆண்டு, 31,000 கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றும் எண்ணம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். நான் மாற்றியது வேறு வழியில்லாமல்.

வண்டி 2001 மாடல் செடான். 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் தேடிப்பிடித்து வாங்கியது. இருபது ஆண்டுகள் குறை சொல்லும்படி எதுவும் இல்லை. 2022 தொடக்கத்தில்தான், சூடேறியதும் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் இடத்தில் நழுவ ஆரம்பித்தது. இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மதுரை கே.கே. நகரில் கிளம்பும்போது சாதுவாக இருக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் நான்கு முறை நின்று ஏ.வி. பாலத்தைத் தொடுவதற்குள் வேலையைக் காட்டிவிடும். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிகாஷன் நிறத்தில் கருகிய வாடையோடு வந்தது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கரைந்திருக்கின்றன என்று பொருள். ஆயிலை மாற்றியது பத்து நாள் தாங்கியது.

பிரித்துச் சரிசெய்ய 1,10,000 ரூபாய் கேட்டார்கள். உதிரிபாகம் கிடைத்தால்தான், கேரண்டியும் கிடையாது. வண்டியை விற்றால் அந்தத் தொகையே வராது. விற்கும் பேச்சை எடுத்தாலே அப்பா தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

பழங்காநத்தத்தில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக் அண்ணன்தான் மேனுவல் யோசனையைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: “தம்பி, கியர்பாக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் நான் கை வைக்க மாட்டேன். இதே மாடல் மேனுவல் வண்டியை உடைக்கிற இடத்தில் நின்று, பெடலிலிருந்து போல்ட் வரைக்கும் அள்ளிக்கொண்டு வாருங்கள்.” இந்த வேலையில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே உருப்படியானது இதுதான்.

சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். கியர்பாக்ஸ், ஃபிளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்), கிளட்ச் பெடல், கியர் ராடு, இரண்டு பக்க ஆக்சில், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் என்று ஒரே வண்டியிலிருந்து எடுத்த செட் 28,000 ரூபாய். பில் கேட்டு வாங்கினேன். பழைய சாமான் வாங்குகிறவர்கள் இதில் கூச்சப்படக் கூடாது. லாரி பார்சலில் மதுரை வந்து சேர்ந்தது. புது கிளட்ச் செட் 6,500, கூலி 15,000, லேத், ஆயில், சீல் எல்லாம் சேர்த்து 3,500. ஆக 53,000. பின்னால் வந்த செலவு தனி.

ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது மெல்லிய தகடு. அதன் பின்னால், இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். மேனுவலுக்குக் கனமான ஃபிளைவீல் வேண்டும். எங்கள் வண்டியில் அந்தத் தகட்டின் போல்ட்டுகள் ஃபிளைவீலுக்கு நீளம் போதவில்லை. செட்டாக வாங்கியிருக்காவிட்டால் இங்கேயே முட்டி நின்றிருப்போம். ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவினோம். கியர் பெட்டியை இறக்கிய கையோடு இன்ஜினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கமுள்ள ஆயில் சீலையும் மாற்றிவிட்டோம். சில நூறு ரூபாய்ச் சாமான். பின்னால் அது கசிந்தால் மறுபடி முழுப் பெட்டியையும் இறக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் ஓடிய ஆட்டோமேட்டிக் ஆயில் குழாய்கள் இரண்டுக்கும் மூடி போட்டாயிற்று. அகலமான பழைய பிரேக் பெடலை எடுத்துவிட்டுச் சிறிய பெடல் வைக்க வேண்டியிருந்தது, பக்கத்தில் கிளட்ச் பெடலுக்கு இடம் வேண்டுமே.

ஆறு நாளில் வண்டி ஓடியது. சரியாக ஓட நான்கு மாதம் ஆயிற்று.

காரணம் வயரிங். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ (பார்க்), ‘என்’ (நியூட்ரல்) இரண்டில் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும். அந்தப் பாதுகாப்பு ஸ்விட்ச் பழைய பெட்டியோடு போய்விட்டதால் எலக்ட்ரீஷியன் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டார். எனக்கும் அப்போது அது தவறாகத் தோன்றவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் கியரில் நிறுத்தியிருந்ததை மறந்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதற்காகச் சாவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டேன். வண்டி ஒரு எம்பு எம்பிச் சுற்றுச்சுவரில் முட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை என் மகன் அந்தச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில்தான் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். மறுநாளே கிளட்ச் பெடலில் ஸ்விட்ச் வைத்தோம். மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஸ்விட்சும் வயரிங்கும் 1,500. இதைச் செய்யாமல் பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்று ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. பழையதையே வைத்து ஓட்டினேன். அது காணாமல் போன கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே இருந்தது: டேஷ்போர்டில் ஆட்டோமேட்டிக்கின் ‘டி’ (டிரைவ்) விளக்கு ஓயாமல் சிமிட்டியது, சிக்னலில் நின்றால் ஐடில் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கியது. 5,500 கொடுத்து மேனுவல் மாடலின் ஈசியூ வாங்கி மாட்டிய பிறகுதான் அடங்கியது. சாவியில் இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு ஸ்டார்ட் ஆகவிடாத மின்னணுப் பூட்டு) இல்லாத காலத்து வண்டி என்பதால் பிழைத்தேன். ஆகமொத்தம் 60,000.

யாரும் எச்சரிக்காத ஒரு விஷயம் ஹேண்ட்பிரேக். எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாக ‘பி’யில் தள்ளிவிட்டு இறங்குவதுதான் பழக்கம். ஏற்றத்தில் நின்று கிளம்ப முதன்முறையாக ஹேண்ட்பிரேக் தேவைப்பட்டபோது, கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது தெரிந்தது.

மைலேஜ் நகரத்துக்குள் 9-லிருந்து 12 ஆயிற்று. நெடுஞ்சாலையில் 14-லிருந்து 15.5, அவ்வளவுதான். நான் அதிகம் எதிர்பார்த்தேன். பழைய பெட்டியின் நான்காவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் முள் 2,700-இல் நிற்கும். இந்த மேனுவலின் ஐந்தாவது கியரில் 3,100. திருச்சி வரை போய் இறங்கினால் காதில் அந்த இரைச்சல் மிச்சமிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழையதே மேல்.

மலைப்பாதையில் கதை வேறு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பெல்லாம் பெட்டி எந்தக் கியரில் இருப்பது என்று தெரியாமல் தவிக்கும். இப்போது இரண்டாவதிலேயே ஏறிவிடுகிறேன். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது; கீழே வந்து நிறுத்தினால் பிரேக் கருகிய வாடை இல்லை.

நகரத்துக்குள் கால் வலிக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் சிம்மக்கல் பக்கம் வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டேன். அப்பாவால் இனி ஓட்ட முடியாது. அது தெரிந்துதான் செய்தோம். என் மனைவியும் ஆட்டோமேட்டிக்கில் கற்றவள். இரண்டு முறை முயன்றுவிட்டு ஸ்கூட்டருக்குத் திரும்பிவிட்டாள். மூன்று பேர் ஓட்டிய வண்டியை இப்போது நான் ஒருவன் ஓட்டுகிறேன். 60,000 ரூபாய்க் கணக்கில் இதை எந்த வரியில் எழுதுவது?

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. என் சான்றிதழில் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கின்றன, கியர்பாக்ஸ் பற்றி எதுவும் இல்லை. இருந்தாலும் இன்சூரன்ஸுக்குக் கடிதம் எழுதிப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வைத்திருக்கிறேன். நீங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2026-இல் எனக்குப் பதிவுப் புதுப்பிப்பு வருகிறது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள்.

இப்போதைய குறை ஒன்றுதான்: மார்கழிக் காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் கரகரவென்று விழுகிறது. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும், பெட்டியை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பழைய ஆட்டோமேட்டிக் பெட்டி மாடிப்படிக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். அப்பா கொடுக்க மாட்டேன் என்கிறார்.