கயிறு கிட்டங்கியில் வில்லுப்பாட்டுப் பதிவு

குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி ரோட்டில் இருக்கும் இந்தப் பாட்டுப் பயிற்சிக் கூடம் முன்பு கயிறு கிட்டங்கி, அதாவது கயிற்றுக் கிடங்கு. தொழில் நொடித்துச் சும்மா கிடந்த கட்டடத்தில் முதலில் சர்ச் பாடகர் குழு கிறிஸ்மஸ் பாட்டு பழக வந்தது. அப்புறம் எங்களைப் போன்ற வில்லுப்பாட்டுக்காரர்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் வந்தது அதற்கும் பிறகுதான்.

வில்லைப் பதிவு செய்வது லேசான வேலை இல்லை. வில்லைத் தட்டும் வீசுகோல் பட்டதும் அதில் கட்டிய மணிகளின் ஓசை கூர்மையாகச் சிதறும். தாளத்துக்குத் தட்டும் மண்குடத்தின் ஓசையோ அடியில் உருண்டு வரும். ஒரே மைக் வைத்தால் மணி குடத்தை விழுங்கிவிடும். இங்கே குடத்தின் வாய்க்கு அருகில் தனி மைக், உடுக்கைக்கு இன்னொன்று. அதைவிடப் பெரிய விஷயம், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தே பதிவு செய்கிறார்கள். முன்பு வேறொரு ஸ்டூடியோவில் எங்களைத் தனித்தனி அறையில் அடைத்தார்கள். முன்னின்று பாடும் புலவர் முகம் தெரியாமல் பின்பாட்டுக்காரர் எப்படி ‘ஆமா’ போடுவார்?

சுவரெல்லாம் பழைய கயிற்று விரிப்புகள். எதிரொலி நன்றாக அடங்குகிறது. கூரைதான் தகரம், மழை பெய்தால் பதிவு நின்றுவிடும். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் பங்குனி, சித்திரையில் வரும் கோயில் கொடை விழாக்களுக்கு முன்பு, மாசியிலேயே தேதி வாங்கிவிடுங்கள். வாடகை மணிக்கு 400 ரூபாய்.