ஸ்லிப், பிபிபி: மக்கர் செய்யும் சீரியல் இணைப்புக்கு எது உதவும்?

இரண்டு லினக்ஸ் கணினிகளை நல்-மோடம் கம்பியால் (இரு கணினிகளின் சீரியல் முனைகளை நேரடியாக இணைப்பது) இணைத்து ஐபி பாக்கெட்டுகளை (இணையத் தரவுப் பொதிகளை) ஓட்ட விரும்புபவருக்கு, 1988-இல் ஆர்எஃப்சி 1055 என்ற இணைய ஆவணமாக எழுதப்பட்ட ஸ்லிப், 1994-இல் ஆர்எஃப்சி 1661 ஆக நிலைபெற்ற பிபிபி என இரண்டு நெறிமுறைகள் உள்ளன. அமைப்பதற்கு எளிது ஸ்லிப்தான். ஆனால் இணைப்பு மக்கர் செய்யும்போது எது தன் கோளாறைத் தானே சொல்கிறது என்பதை வைத்தே இவற்றை இங்கு ஒப்பிடுகிறேன்.

ஸ்லிப் செய்வது மிகக் குறைவு. பாக்கெட்டின் முடிவில் 192 என்ற பைட்டை வைக்கும். அதே பைட் தரவுக்குள் வந்தால் 219, 220 என்ற இரண்டு பைட்டுகளாக மாற்றி அனுப்பும். முகவரியைப் பேசி முடிவு செய்வதும் பிழையைச் சோதிப்பதும் அதன் வேலை அல்ல. ஆகவே மறுமுனைக் கணினி உறைந்து நின்றாலும் இம்முனையின் இடைமுகம் இயங்குவதாகவே காட்டும்.

ஸ்லிப்பில் அதிக நேரத்தை விழுங்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒரு முனையில் பாக்கெட்டின் தலைப்பை (முகவரி முதலிய முன்குறிப்புகளை)ச் சுருக்கும் சிஸ்லிப் என்ற ஸ்லிப் வகையும் மறுமுனையில் வெறும் ஸ்லிப்பும் இருந்தால், இணைப்பைச் சோதிக்கும் பிங் ஒழுங்காகப் போய்வரும், மறு கணினியில் நுழையப் பயன்படும் டெல்நெட் மட்டும் அப்படியே நின்றுவிடும். அந்தச் சுருக்கம் டெல்நெட் பயன்படுத்தும் டிசிபியின் தலைப்பை மட்டுமே தொடுகிறது, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியைத் தொடுவதில்லை என்பதே காரணம். பிங் போகிறதே என்று நம்பி ரூட்டிங் அட்டவணையைப் புரட்டுவதில் பயனில்லை. இரு முனைகளிலும் ஸ்லிப்பைத் தொடங்கும் ஸ்லாட்டாச் கட்டளைக்குக் கொடுத்த நெறிமுறைப் பெயரைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

பிபிபியில் இரு முனைகளும் ஒப்புக்கொண்ட பிறகே சுருக்கம் தொடங்குவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பிபிபி அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்திலும் (தரவுப் பொதியிலும்) வழக்கமாக 16 பிட் சரிபார்ப்பு எண் இருப்பதால் சிதைந்தது உள்ளே நுழையாமல் பிழைக் கணக்கில் சேரும். பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரலை டீபக் விருப்பத்துடன் இயக்கினால் பேச்சுவார்த்தை எந்தப் படியில் முறிந்தது என்பது பதிவேட்டில் தெரியும். அனுப்பியதே திரும்பி வந்தாலும், கம்பி 8 பிட்டுகளையும் முழுமையாகக் கடத்தாவிட்டாலும், பிபிபிடியே அதைச் சொல்லிவிடும். மறுமுனையை அவ்வப்போது விசாரிக்கும் எல்சிபி எக்கோவை இயக்கிவைத்தால் மறுமுனை மௌனமானதும் இணைப்பை முறித்து அறிவிக்கும்.

மென்பொருள் வழிப் பாய்வுக் கட்டுப்பாடு (நிறுத்து, தொடர் என்பதைத் தரவுக்கிடையே பைட்டுகளாகச் சொல்லும் முறை) இருக்கும் இடத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 17, 19 ஆகிய பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாக எண்ணி வழியில் உள்ள சாதனங்கள் எடுத்துவிடும். ஸ்லிப்புக்கு அவற்றை மறைத்து அனுப்பத் தெரியாது, பிபிபிக்கு, மறைக்க வேண்டிய பைட்டுகளைக் குறிக்கும் அசிங்க்மேப் விருப்பத்தில் சொன்னால் போதும்.

சீரியல் சிப்பின் தாங்ககம் நிரம்பி வழிந்து பைட்டுகள் தொலைந்தால் இரண்டுமே அதைத் தடுக்க முடியாது. அப்போது கர்னலின் சீரியல் புள்ளிவிவரத்தில் ஓஇ (oe, வழிந்ததால் வந்த பிழைகள்) எண் ஏறுகிறதா என்று பார்த்து, வன்பொருள் வழிப் பாய்வுக் கட்டுப்பாட்டை இயக்கவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டும்.

நினைவகம் மிகக் குறைந்த நுண்கட்டுப்படுத்திகளுக்கு ஸ்லிப் இன்றும் பொருந்தும். அங்கும், முடிந்தால் அதே கம்பியின் மறுமுனையில் ஒரு கணினியை வைத்து பிபிபியைச் சற்று நேரம் ஓட்டி, பிழைக் கணக்கு பூச்சியத்தில் நிற்பதைக் கண்ட பின்பே ஸ்லிப்புக்கு மாறுவேன்.