இடுப்பை நீட்டி இரண்டரை வருடம்

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, இடுப்பு வலிக்கு ஏதோ ஸ்ட்ரெச்சிங் பண்றீங்களாமே, நிஜமாவே கேக்குதா?" சாப்பாட்டு நேரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல். அதற்கு முந்தைய நாட்களில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது இரண்டு மணிக்குத்தான். பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பை ஒட்டி வலிக்கும்.

முதல் ஆறு மாதம் நான் செய்தது பச்சிமோத்தானாசனம். காலையில் எழுந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கால் விரலைத் தொடுவது. செய்யும்போது சுகமாக இருக்கும். பல் தேய்க்கக் குனியும்போதே பழைய வலி வந்து நிற்கும். "விடாம பண்ணுங்க, சரியாயிடும்" என்றார் கற்றுக்கொடுத்தவர். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நம் உயரம்கூட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருக்கும். அந்த நேரத்தில் ஆழக் குனிந்தால் டிஸ்கின் மேல் அழுத்தம் அதிகம். நாள் முழுக்க நாற்காலியில் முதுகு வளைந்தே இருப்பவளுக்குக் காலையிலும் அதே வளைவைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாகச் சொன்னால், குனிந்தால் வலி குறைகிறவர்களும் இருக்கிறார்கள். தண்டுவடப் பாதை குறுகிய வயதானவர்கள் பலருக்கு அப்படித்தான். வேறு சிலருக்கு நேர் எதிர். 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி ஐந்து நிமிடம். மூன்று வாரமாகக் குறையாத கால் வலி அதில் குறைந்தது. யாருக்கு எந்தப் பக்கம் வளைவது ஒத்துவரும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே ஆசனம் சொல்வதுதான் தப்பு.

அப்புறம் நான் போய்ப் பார்த்த ஒரு பிசியோதெரபிஸ்ட் என் முதுகைத் தொடவே இல்லை. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை மட்டும் லேசாக முன்னால் தள்ளச் சொன்னார். தொடை மேற்புறமும் அடிவயிற்று ஓரமும் சுரீரென்று இழுத்தது. சோவாஸ் என்று ஒரு தசை, கீழ் முதுகெலும்பின் இரு பக்கமும் கிளம்பி, வயிற்றுக்குள்ளே இறங்கி, தொடையெலும்பின் மேல்பகுதியில் போய்ப் பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கும் வரை அது சுருங்கியே கிடக்கும். எழுந்து நின்றால் முதுகெலும்பை முன்னால் இழுக்கும். வலி பின்னால், இழுப்பு முன்னால்! காலுக்கு முப்பது விநாடி, மூன்று முறை. அன்று எழுந்து நின்றபோது கிடைத்த நிமிர்வை என்னால் மறக்க முடியாது. எல்லார் இடுப்பு வலிக்கும் காரணம் இதுவல்ல, என்னுடையதற்கு இதுதான்.

ஆபீசில் புடவையோடு முட்டி போட முடியாது. மாடிப்படியில் இரண்டாவது படியில் ஒரு காலை வைத்து, பின்காலை நீட்டி, அதே மாதிரி செய்கிறேன். நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, என் ஆத்திரம் இனிமேல்தான். இந்தப் பலன் சேமிப்பில் சேராது. காலையில் எவ்வளவு செய்தாலும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஒரு மணிக்குக் கணக்கு பூஜ்யம். இரண்டரை வருடம் கழித்தும் அப்படித்தான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்த நாட்களில் மாலை வரை வலியே இல்லை. ஆனால் 20-ம் தேதி எழுந்தால் முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஸ்ட்ரெச்சிங்குக்கு மதிப்பெண் கேட்டால் இன்று பத்துக்கு நான்குதான். அந்தப் புதுப் பெண்ணிடமும் ஸ்ட்ரெச்சிங்கை நம்பி உட்காராதே, முதலில் எழுந்து நடக்க அனுமதி கேள் என்றுதான் சொன்னேன். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எதையும் நீட்ட வேண்டாம், அன்றே டாக்டரிடம் போ என்றும் சொன்னேன்.

இதை எழுதுவது 19-ம் தேதி இரவு. போர்வையை மடித்து முட்டிக்கு அடியில் போட்டாயிற்று.