கோனா, துணிச்சட்டையா? ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பூனையைக் கேட்டுவிட்டு

எங்கள் வீட்டில் இதுவரை நாலு பெட்டைப் பூனைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. செம்பி, கறுப்பி, மிட்டு மூவருக்கும் வயிற்றின் நடுவில் தையல். சொக்கிக்கு மட்டும் விலாவுக்குப் பின்னால், பக்கவாட்டில். ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் கேட்க அதிகம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் குழப்பமே: தையலை நக்காமல் தடுக்க என்ன மாட்டுவது?

பூனை கையை நக்கியிருந்தால் தெரியும், அதன் நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நாக்கின் மேல் முழுக்கத் தொண்டைப் பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள்; நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். ரோமத்தைச் சிக்கெடுக்கவும் எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்டவும் அமைந்த நாக்குக்கு நூல் முடிச்செல்லாம் எம்மாத்திரம்? மேல்தோல் கூடி ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வாயும் காயமும் சந்திக்கக் கூடாது.

கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி மாட்டும் பிளாஸ்டிக் கோன்தான் டாக்டர்கள் முதலில் கொடுப்பது. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குள் நம் இரண்டு விரல் நுழைய வேண்டும். செம்பிக்குக் கொடுத்த கோன் ஒரு சைஸ் சின்னது. அன்று ராத்திரியே உடம்பை வளைத்து ஒரு முடிச்சை நக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாற்றி வாங்கினோம். சரியான அளவு மாட்டியதும் பின்பக்கமாகவே நடந்தாள், நிலைப்படியில் இடித்தாள், பீரோவில் 'டொக் டொக்' என்று முட்டி எங்களையும் தூங்கவிடவில்லை. மீசை விளிம்பில் உரசுவதால் கிண்ணத்தில் வாய் வைக்கவே மாட்டேன் என்றாள். டபராவைக் கவிழ்த்து, அதன்மேல் கோன் வாயைவிடச் சின்னத் தட்டை வைத்தபிறகுதான் சாப்பிட்டாள். ஆனால் நாங்கள் தூங்கினாலும் கோன் தூங்கவில்லை. தையல் தப்பித்தது.

துணிச்சட்டை பார்க்க அழகு. கடையிலும் கிடைக்கிறது, கறுப்பிக்கு நான் பழைய பனியன் கையை வெட்டி, நாலு கால் ஓட்டை போட்டுத் தைத்தேன். மாட்டிய உடனே உடம்பில் உயிரே இல்லாததுபோல் பொத்தென்று சாய்ந்தாள். பயந்துவிட்டேன். பல பூனைகள் அப்படித்தான் செய்யுமாம். அரைமணியில் எழுந்து நடந்துவிட்டாள். சாப்பாடு, தூக்கம், ஜன்னலோரம் எல்லாம் வழக்கம்போல. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தையலுக்கு நேராகத் துணியில் எட்டணா அகலத்துக்கு ஈரம். துணிக்கு மேலாகவே நக்கியிருக்கிறாள்! ஈரம் ஊறிக் காயத்தோடு ஒட்டிக்கிடந்தால் சீழ் வைக்க வேறென்ன வேண்டும்? அதோடு பின்பக்கம் சரியாக மடித்துவிடாவிட்டால் மூத்திரம் படும், முன்னங்கால் இடுக்கில் உரசும். சென்னை வெயிலில் அதுவும் ஒரு தொல்லை. இரண்டு செட் வைத்துக்கொண்டு, நாளைக்கு இரண்டு தடவை கழற்றிக் காயத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

கோன் போட்டால் அவஸ்தை பூனைக்கு, சட்டை போட்டால் வேலை நமக்கு. வீட்டில் பகலில் ஆள் இருந்தால் சட்டை, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் கோன். இதுதான் என் கட்சி. மிட்டுவுக்குப் பகலில் சட்டை, ராத்திரி கோன் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். பக்கவாட்டுத் தையல்காரி சொக்கிக்குச் சட்டையே போதுமாக இருந்தது. சட்டையைக் கழற்றினால் தூரத்திலிருந்தே காயம் தெரியும் என்பதால் அவளைப் புரட்டிப் பார்க்கிற வேலையும் இல்லை.

கழுத்தில் மாட்டும் காற்றடைத்த டயர் வயிற்றுத் தையலுக்கு உதவாது. பூனை உடம்பு வில் மாதிரி வளையும், டயரைத் தாண்டி வாய் போய்விடும். துணிக் கோன் சாதுவான பூனைக்குப் பரவாயில்லை. தெருப்பூனைகளுக்கு ஆபரேஷன் செய்து அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டித் திருப்பி விடுகிறார்களே, அதுகளுக்கு யார் கோன் மாட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் கோனோடு ஒரு பூனை பிழைக்க முடியாது என்பதால் எடுக்கிற ரிஸ்க் அது. நம் வீட்டில் அந்த நெருக்கடி இல்லை.

கூண்டா, அறையா? முதல் ராத்திரி கூண்டுதான். மயக்கம் முழுக்கத் தெளியாமலே அலமாரி மேல் ஏறப் பார்க்கும். மயக்க மருந்தில் உடம்புச் சூடு இறங்கியிருக்கும். ஏசியை அணைத்துவிட்டு, பழைய துண்டு விரியுங்கள். மறுநாளிலிருந்து ஏற எதுவும் இல்லாத சின்ன அறை போதும். பூனை வெளிக்குப் போகும் மண் தட்டில் சில நாளைக்கு மண்ணுக்குப் பதில் கிழித்த நியூஸ்பேப்பர் போட்டால் காயத்தில் தூசி ஒட்டாது.

காயத்தில் என்ன தடவுவது என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

"ஏண்டா, துளி மஞ்சள் குழைச்சுத் தடவினா ஆறாதா?" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை. எதைத் தடவினாலும் அதை நக்கத்தான் பார்க்கும்."

டாக்டர் கொடுத்தது தவிர வேறெதுவும் வேண்டாம். டெட்டால் கூடவே கூடாது, பூனைக்கு விஷம். பாராசிட்டமால் அதைவிட மோசம்: அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, நாம் போடும் ஒரு 500 மி.கி. மாத்திரையே உயிரை எடுத்துவிடும். வலிக்கு டாக்டர் எழுதிய மருந்தை, எழுதிய அளவில், எழுதிய நாள்வரை மட்டும் கொடுங்கள்.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் கொஞ்சமாகச் சாப்பாடு வையுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் சாப்பிடாவிட்டால், மூத்திரம் போகாவிட்டால், ஈறு வெளுத்தால், காயம் பிளந்தோ நாற்றமடித்தோ இருந்தால் உடனே போன் செய்யுங்கள். தையலுக்கு அடியில் சின்னக் கட்டி மட்டும் தட்டுப்பட்டால் பெரும்பாலும் உள்நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, சில வாரத்தில் கரையும். பெரிதாகிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்து, செம்பியின் கோனைக் கழற்றினோம். நேராக வயிற்றுக்குத்தான் போவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பின்னங்காலைத் தூக்கிப் பத்து நிமிஷம் கழுத்தைச் சொறிந்து தள்ளினாள்.