பெங்களூர் வீட்டுக் குளத்துக்கு ஹீட் பம்ப்: வாங்குங்கள், கவரோடு சேர்த்து வாங்குங்கள்

பெங்களூரில் வீட்டு நீச்சல் குளத்தைச் சூடாக்க எலெக்ட்ரிக் ஹீட் பம்ப் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம். ஆனால் குளத்தை மூடும் கவரையும் அதே நாளில் வாங்குங்கள். கவருக்குக் காசில்லை என்றால் மெஷினை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். ஒரு முழுக் குளிர்காலமும் அதற்கு அடுத்த மழைக்காலமும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சர்ஜாப்பூர் ரோடு பக்கம். குளம் பெரிதில்லை. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் சராசரியாக 1.3 மீட்டர், ஏறத்தாழ 42,000 லிட்டர் பிடிக்கும். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் குளத்தைச் சூடாக்குவது என்ற பேச்சே புரிவதில்லை. அங்கே மார்கழியில்கூடக் குதித்துவிடலாம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். மதியம் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் பகலையும் இரவையும் கூட்டிப் பாதியில் நிற்கும், 21 அல்லது 22 டிகிரி. கால் வைத்தவுடன் வெளியே எடுக்கத் தோன்றும் குளிர் அது.

அப்பாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். தண்ணீருக்குள் நின்று காலை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். குளிர்ந்த தண்ணீரில் தசை இறுகிக்கொள்ளும், பயிற்சி செய்தும் பலன் இருக்காது. போட்டிக் குளங்களில் 25 முதல் 28 டிகிரி வரை வைப்பார்கள், வேகமாக நீந்துகிறவர்களுக்கு அது சரி. மூட்டு வலிக்காரர்களுக்கு 28 முதல் 31 வரை வேண்டும். நாங்கள் 29-ல் வைத்திருக்கிறோம். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், யாருக்காகச் சூடாக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் செலவே. குழந்தைகள் குதித்து விளையாட 27 போதும், ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்ட் பில் ஏறும்.

மெஷின் செய்யும் வேலை ஃபிரிட்ஜ் செய்கிற அதே வேலைதான். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடாக இருக்குமே, உள்ளே இருந்து உறிஞ்சிய சூட்டை அங்கே தள்ளுகிறது. இது வெளிக் காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி, கம்ப்ரஸரில் அழுத்தி, குளத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கரண்டை நேராகச் சூடாக்கப் பயன்படுத்தாமல், சூட்டை இடம் மாற்ற மட்டும் பயன்படுத்துவதால் ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு கிடைக்கும். கணக்கு இப்படி. ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் சூடு வேண்டும். எங்கள் 42,000 லிட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 49 யூனிட். 22-லிருந்து 29-க்கு ஏற்ற 340 யூனிட் சொச்சம். ராடு ஹீட்டர் போட்டால் அத்தனை யூனிட்டும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்பில் 70, 80 யூனிட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் இழக்கிற சூட்டை மட்டும் ஈடு கட்டினால் போதும்.

நாங்கள் போட்டது 13 கிலோவாட் வரை சூடு தரும், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் மெஷின், உள்ளே தண்ணீர் ஓடும் சுருள் டைட்டேனியம். சுருள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், குளோரின் தண்ணீர் தாமிரத்தை அரித்துவிடும். குளிர்ந்த குளத்தை முதல் தடவை 29-க்குக் கொண்டுவர விடாமல் ஓட்டினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள் என்று மதியம் ஆன் செய்து பயனில்லை. சீசன் முழுக்க ஒரே சூட்டில் பிடித்து வைக்கும் சாதனம் இது.

விற்க வந்தவர், பெயர் வேண்டாம், "ஒரு யூனிட் கரண்டுக்குப் பதினாறு யூனிட் சூடு மேடம்" என்றார். பிரவுச்சரிலும் பெரிய எழுத்தில் அந்த எண்தான் இருந்தது. பெரும்பாலும் அந்த எண், காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம், மெஷின் மிக மெதுவாக ஓடுகிறது என்ற நிலைமையில் எடுத்தது. அதே பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் 15 டிகிரி காற்றுக்கான எண் இருக்கும், முழு வேகத்தில் நாலு, நாலரை. அதைக் கேளுங்கள். ஜனவரி விடிகாலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்தக் கீழ் எண்தான்.

இங்கேதான் நம் ஊர் வானிலை பெரிய உதவி. ராத்திரி 15 என்றாலும் அதே ஜனவரியில் பகல் 26, 27 டிகிரிக்குப் போகிறது. அதனால் நாங்கள் காலை பத்து மணிக்கு மேல் ஆன் செய்து சாயங்காலம் ஐந்துக்குள் நிறுத்திவிடுகிறோம். வெதுவெதுப்பான காற்றிலிருந்து சூடு எடுப்பது மெஷினுக்கு எளிது, சத்தமும் பகல் சத்தங்களோடு கலந்துவிடும். டெல்லி மாதிரி பகலிலும் பனி மூட்டம் விலகாத ஊராக இருந்தால் இந்த வசதி இருக்காது.

சரி, கவர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், சுமார் 580 லிட்டரை ஒரு டிகிரி குளிர வைக்கும் அளவுக்குச் சூட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த வெளிக் குளம் இழக்கும் சூட்டில் பெரும்பங்கு, அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி 70 சதவீதம், இப்படி ஆவியாகித்தான் போகிறது. கவர் போட்டால் சூடாக்கும் செலவு 50 முதல் 70 சதவீதம் வரை குறையும் என்பதும் அவர்கள் கணக்கே. மெஷினுக்கென்று தனி மீட்டர் வைத்திருக்கிறோம். கவர் வருவதற்குத் தாமதமான நாட்களில் ஒரு நாளைக்கு 25 யூனிட்டுக்குக் குறைந்ததே இல்லை. கவர் வந்த பிறகு அதே குளிரில் பத்து, பன்னிரண்டு. மெஷினை மாற்றவில்லை, செட்டிங்கை மாற்றவில்லை. குமிழ் வைத்த நீலப் பிளாஸ்டிக் ஷீட் ஒன்று செய்த வேலை இது.

தண்ணீர் மிச்சம் இன்னொரு பக்கம். சூடான குளம் மூடாமல் கிடந்தால் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் இறங்குவது சாதாரணம், எங்கள் அளவுக்கு அது 160 லிட்டர். இந்த ஊரில் 2024 மார்ச்சில் வந்த தண்ணீர்ப் பஞ்சம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நீச்சல் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. பக்கத்துத் தெருவில் குடத்தோடு டேங்கருக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கும்போது, நம் குளத்துத் தண்ணீர் தினமும் காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனசு வராது.

கவரைப் போடும்போது குமிழ் இருக்கும் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். ஒரு ஆளாகச் சுருட்ட முடியாது, உருளை ஸ்டாண்டையும் சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் யாரும் போடமாட்டார்கள். அப்புறம், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இதை மட்டும் மறக்கவே வேண்டாம். பாதி மூடி, பாதி திறந்து வைத்துக்கொண்டு யாரையும் இறங்க விடாதீர்கள். கவருக்கு அடியில் போன குழந்தை மேலே வர முடியாது, வெளியில் இருப்பவருக்கும் தெரியாது. அது தரை மாதிரி தெரிவதால் மேலே ஏறி நடக்கப் பார்க்கும் குழந்தைகளும் உண்டு. முழுக்க எடுத்த பிறகுதான் இறங்க வேண்டும்.

நிறுவிய விதத்தில்தான் எனக்குக் கோபம். வந்த ஆட்கள் மெஷினை மோட்டார் ரூமுக்குள் வைக்கப் பார்த்தார்கள், குழாய் வேலை மிச்சமாம். இந்த மெஷின் இழுத்த காற்றைச் சூடு உறிஞ்சிக் குளிராக வெளியே விடுகிறது. நாலு சுவருக்குள் வைத்தால் தான் விட்ட குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்து இழுத்துத் திணறும். வெளியில், மேலே திறந்தபடி, ஃபேன் ஊதும் பக்கம் தாராளமாக இடம் விட்டு வைக்கச் சொல்லி நின்று வாங்கினோம். அடுத்து, தண்ணீர் மெஷினுக்குள் போகாமல் சுற்றிப் போக வழி விடும் பைபாஸ் குழாயே போடாமல் முடிக்கப் பார்த்தார்கள். மூன்று வால்வு வைத்த பைபாஸ் இருந்தால்தான் மெஷினுக்குள் எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று அளவு வைக்க முடியும், ரிப்பேர் வந்தால் குளத்தை நிறுத்தாமல் மெஷினை மட்டும் கழற்றவும் முடியும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வரிசையும் முக்கியம். மோட்டார், ஃபில்டர், பிறகு ஹீட் பம்ப், கடைசியில்தான் குளோரின் கலக்கும் கருவி. ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் இலையும் மண்ணும் சுருளில் அடையும், குளோரின் கருவிக்குப் பின்னால் வைத்தால் கெட்டியான குளோரின் நேராக உள்ளே போகும். எலெக்ட்ரீஷியனிடம், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கரும் தனி எர்த்தும் கேட்டு வாங்குங்கள், தண்ணீரில் மனுஷர்கள் நிற்கிறார்கள், இதில் பேரம் பேசக் கூடாது.

ஓட ஆரம்பித்த புதிதில் மெஷினுக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒரு சின்னக் குட்டையே நின்றது. அம்மா பார்த்துவிட்டு, மூன்று லட்சம் போட்ட மெஷின் ஒழுகுகிறது என்று பதறிப்போனார். சர்வீசுக்கு வந்த பையன் ஓசூர்க்காரர், நம் தமிழ்தான். "அக்கா, இது லீக் இல்ல. காத்துல இருக்குற ஈரம் உள்ள பட்டுத் தண்ணியா எறங்குது, ஏசில வர்ற மாதிரி" என்று சொல்லிவிட்டு, குளோரின் பார்க்கும் ஸ்ட்ரிப்பை அந்தக் குட்டையில் நனைத்துக் காட்டினார். நிறமே மாறவில்லை. அதே ஸ்ட்ரிப் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துக் குளத்தில் நனைத்தார், உடனே நிறம் ஏறியது. குளத்துத் தண்ணீர் கசிந்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். மெஷினை நிறுத்தி மோட்டாரை மட்டும் ஓட விட்டாலும் தெரிந்துவிடும், கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பையன் அத்தனை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவரை அனுப்பி வைக்க அந்தக் கடைக்கு நான் எத்தனை போன் போட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்கிற வரைக்கும் தினமும் அழைத்தவர்கள், பணம் கைக்குப் போன பிறகு எடுக்கவே இல்லை.

செலவு. மெஷின், குழாய் வேலை, ஒயரிங் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, கவரும் உருளையும் தனி. இங்கே கரண்ட் தரும் பெஸ்காமில் வரி, சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கவரோடு மாசம் 2,500 ரூபாய் பக்கத்தில் வருகிறது. இதில் எல்லோரும் விட்டுவிடும் ஒன்று, மெஷின் ஓடும் நேரமெல்லாம் ஃபில்டர் மோட்டாரும் ஓடியாக வேண்டும். ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஏழு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட் இழுக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் வீட்டுக்கு அனுமதித்திருக்கும் மின்சார அளவு, குறைவாக இருந்தால் ஏற்ற வேண்டி வரும், அதற்கு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாசாமாசம் நிலைக் கட்டணம் உண்டு.

மொட்டை மாடி காலியாக இருப்பவர்கள் குளத்துக்கான சோலார் பேனலை முதலில் பார்க்கலாம், ஓட்டும் செலவு மோட்டாருக்கு மட்டும்தான். ஆனால் குளத்தின் பரப்பில் பாதிக்குக் குறையாமல், சில சமயம் முழுப் பரப்பு அளவுக்கே பேனல் வேண்டும். எங்கள் மாடியில் ஏற்கெனவே குளியல் சோலாரும் தண்ணீர் டேங்கும் துணிக் கொடியும். தவிர ஜூலை, ஆகஸ்டில் நாள் முழுக்க மேகம் மூடி மேற்குக் காற்று அடிக்கும்போது சோலார் கைவிட்டுவிடும், அந்த மாதங்களிலும் குளம் ஜில்லென்றுதான் இருக்கும். அப்போதும் அப்பா ஒரு நாள் விடாமல் இறங்க முடிந்தது இந்த மெஷினால்தான், அதற்காகவே இதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

கடைசியாக வாரண்டி. காகிதத்தை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். தண்ணீரின் பி.ஹெச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.2 முதல் 7.6-க்குள் இல்லாமல் சுருள் கெட்டால் பொறுப்பில்லை என்கிற மாதிரி ஒரு வரி எங்கள் காகிதத்தில் இருந்தது. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு உப்பு படியும் தொல்லையும் உண்டு. வாரா வாரம் பி.ஹெச்., குளோரின் இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஸ்ட்ரிப்பைப் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ஆள் வரும்போது முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.